உலக இசை என்று ஓர் அட்டை

சிங்கப்பூரின் செங்காங்கில் என் வீட்டு அலமாரியில், பழைய ஒலிநாடாக்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் அட்டை செருகியிருக்கும். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. வெள்ளையாக இருந்தது இப்போது பழுப்பேறிவிட்டது. மேல் விளிம்பில் கறுப்பு எழுத்தில் 'வேர்ல்ட் மியூசிக்' என்று அச்சடித்திருக்கிறது. ஒரு மூலை உடைந்திருக்கிறது. பின்பக்கம் விலைச்சீட்டு ஒட்டியிருந்த பசை இன்னும் விரலில் பிசுபிசுக்கும். ஆர்ச்சர்ட் சாலைப் பக்கம் ஒரு பெரிய இசைத்தட்டுக் கடை மூடப்பட்டபோது, தட்டுகளைப் பிரித்து வைத்திருந்த இந்த அட்டைகளையும் ஒரு பெட்டியில் கொட்டி வைத்திருந்தார்கள். ராக், ஜாஸ், கிளாசிக்கல் எல்லாம் கலந்து கிடந்தன. நான் இதைத் தேடி எடுத்தேன். கல்லாவில் இருந்த பையன் காசு வாங்கிக்கொள்ளவில்லை.

ஏன் எடுத்தேன் என்று கேட்டால், எங்கள் பாட்டை இருபது வருடம் இந்த அட்டைக்குப் பின்னால்தான் தேடியிருக்கிறேன் என்பேன்.

நான் வளர்ந்தது தேக்காவில், பஃபலோ சாலை அடுக்குமாடியில். கீழே சந்தை. 1982இல் அந்தச் சந்தைக்கு 'ஜூஜியாவ்' என்று மாண்டரின் உச்சரிப்பில் பெயர்ப்பலகை வைத்தார்கள். எங்கள் நடைவழியில் ஒருவர்கூட அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அம்மா கூடையை எடுத்துக்கொண்டு "தேக்காவுக்குப் போயிட்டு வரேன்" என்பார். பக்கத்து வீட்டு மலாய் அம்மாவை மாக்சிக் என்று கூப்பிடுவோம்; அவரும் தேக்கா என்பார். எதிர்வீட்டுத் தியோச்சியூ கிழவரும் தேக்கா என்பார். கடைசியில் 2000ஆம் ஆண்டில் பலகையே தேக்கா என்று மாறியது. ஒரு பெயர் நிலைக்க வேண்டுமென்றால் அது புழங்குகிறவர்கள் வாயில் இருக்க வேண்டும் என்று அப்போதே பட்டது.

சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லா வீட்டுக் கதவும் திறந்திருக்கும். இரும்புக் கம்பிக் கதவு மட்டும் சாத்தியிருக்கும். மாக்சிக் வீட்டு வானொலியில் பி. ராம்லி பாடுவார். கிழவர் வீட்டிலிருந்து தியோச்சியூ நாடகப் பாட்டும் அதன் தாளச் சத்தமும் வரும். எங்கள் வீட்டில் தமிழ் வானொலி. மூன்றும் நடைவழியில் கலந்து, அடுப்பில் தாளிக்கும் சத்தத்தோடு சேர்ந்துகொள்ளும். அம்மா சில நாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே ராம்லி பாட்டின் மெட்டை முனகுவார். அது மலாய்ப் பாட்டு என்பது அவர் நினைப்பிலேயே இருக்காது. மாக்சிக்குக்கு எம்ஜிஆர் பாட்டுகள் அத்துப்படி. சொல்லுக்குப் பொருள் தெரியாது, ஏற்ற இறக்கம் ஒன்றுகூடத் தவறாது. இதற்கெல்லாம் ஒரு பெயர் வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டு, அவ்வளவுதான்.

பாட்டு வாங்குவதென்றால் சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு குறுக்குத் தெருவில் பதிவு செய்து கொடுக்கும் கடைக்குப் போவோம். பாட்டுப் பட்டியலை ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். சி-60 நாடா என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிடம், ஏழு பாட்டு பிடிக்கும். சி-90 என்றால் பத்து. பத்தாவது பாட்டு பாதியில் அறுந்துபோகாமல் இருக்க, கடைக்காரர் ஒவ்வொரு பாட்டின் நீளத்தையும் மனத்திலேயே கூட்டிப் பார்ப்பார். இரண்டு நாள் கழித்துப் போனால், அட்டையில் நீல மையில் பாட்டின் முதல் வரிகளை எழுதிக் கொடுப்பார். அவர் கடையில் மூன்றே தட்டுகள்: சினிமா, பக்தி, கர்நாடகம்.

1986இல் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' வந்தது. வி. எஸ். நரசிம்மனின் வயலின், தியாகராஜருக்கும் பாகுக்கும் காணிக்கையாக்கிய இசை. பாட்டு இல்லை, படம் இல்லை, கதாநாயகன் இல்லை. எங்கள் கடைக்காரர் அந்த நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று தட்டையும் மாறி மாறிப் பார்த்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. கடைசியில் எதிலும் வைக்காமல் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தார். வந்தவர்கள் எல்லோர் கண்ணிலும் அதுதான் முதலில் பட்டது. இளையராஜா அந்தத் தொகுப்பின் தலைப்பிலேயே கேட்ட கேள்விக்கு, எனக்குத் தெரிந்து, சொல்லப்பட்ட மிக நல்ல பதில் அதுதான்.

அடுத்த ஆண்டே வேறொரு பதில் லண்டனில் தயாரானது. 1987 ஜூன் 29. இஸ்லிங்டன் வட்டாரத்தில் 'எம்பிரஸ் ஆஃப் ரஷ்யா' என்ற மதுக்கடையின் மாடியறையில் சிறு இசைத்தட்டு நிறுவனங்களை நடத்துகிறவர்களும் வானொலிக்காரர்களும் கூடினார்கள். சார்லி கில்லெட், ஜோ பாய்ட் போன்றவர்கள் இருந்தார்கள். அவர்கள் சிக்கலும் எங்கள் கடைக்காரர் சிக்கலும் ஒன்றேதான். மாலி, ஜிம்பாப்வே, பல்கேரியா, பாகிஸ்தான் என்று பல நாட்டு இசையை அவர்கள் வெளியிட்டார்கள். எந்தத் தட்டில் வைப்பதென்று தெரியாததால் கடைகள் அவற்றை வாங்கத் தயங்கின. அதற்கு முந்தைய ஆண்டு பால் சைமனின் 'கிரேஸ்லேண்ட்' வந்து, தென்னாப்பிரிக்க இசைக்கு வாங்குபவர்கள் உண்டு என்று காட்டியிருந்தது. தட்டு மட்டும்தான் இல்லை. 'வேர்ல்ட் பீட்', 'டிராபிகல்', 'ரூட்ஸ்' என்று பல பெயர்களைப் போட்டுப் பார்த்து, 'வேர்ல்ட் மியூசிக்' என்று முடிவு செய்தார்கள். 11 நிறுவனங்கள் சேர்ந்து 3,500 பவுன் திரட்டி, அட்டை அச்சடித்து, கடைகளுக்கு அனுப்பி, விளம்பரமும் செய்தன. அந்தச் சின்னத் தொகையில் உலகத்தின் முக்கால்வாசி இசைக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. தாங்கள் நேசித்த இசையை விற்கப் பார்த்தார்கள், விற்றும் காட்டினார்கள். ஆனால் அந்தப் பெயர் இசையைப் பற்றிச் சொன்னது ஒன்றும் இல்லை. கேட்பவர் எங்கே நிற்கிறார் என்பதைத்தான் சொன்னது. லண்டன் கடையில் நின்று பார்த்தால் நாங்கள் 'உலகம்'. பஃபலோ சாலை நடைவழியில் நின்று பார்த்தால் நாங்கள் நாங்களேதான்.

அதே 1987இல் சிங்கப்பூரில் புதிய பதிப்புரிமைச் சட்டமும் வந்தது. பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்யும் காலம் மெல்ல முடிந்தது. கடைக்காரர் அசல் நாடாக்களுக்கு மாறினார், பிறகு குறுந்தட்டுகளுக்கு. நீல மைக் கையெழுத்து நின்றுபோனது.

இந்தச் சொல்லுக்கு இன்னொரு பிறப்பும் உண்டு. அதைத் தமிழர்கள் அதிகம் பேசுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். லண்டன் கூட்டத்துக்கு இருபது ஆண்டுகளுக்கும் முன்பே, 1960களில், ராபர்ட் பிரவுன் என்ற அமெரிக்க இசையியலாளர் கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் 'வேர்ல்ட் மியூசிக்' என்ற சொல்லை ஒரு படிப்புக்குப் பெயராக வைத்தார். அவர் மிருதங்கம் கற்றவர். முனைவர் பட்ட ஆய்வே மிருதங்கத்தைப் பற்றியது. அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் டி. ரங்கநாதன் — பாலசரஸ்வதியின் தம்பி, வீணை தனம்மாளின் பேரன். 1963இல் ரங்கநாதனை வெஸ்லியன் தன் உறைவிடக் கலைஞராக அழைத்துக்கொண்டது. பின்னர் புல்லாங்குழல் டி. விசுவநாதனும் அங்கே பல்லாண்டு கற்பித்தார். பாலசரஸ்வதியும் போய்க் கற்பித்தார். அங்கே படித்த ஜான் ஹிக்கின்ஸ் திருவையாற்றில் பாடும் அளவுக்குத் தேறி 'ஹிக்கின்ஸ் பாகவதர்' ஆனார்.

பிரவுனுக்கு அந்தச் சொல்லின் பொருள் மிக எளிது. ஓர் இசையைத் தெரிந்துகொள்ள வேண்டுமா? அதைப் பாடு, வாசி, அந்த ஊர் ஆசிரியரின் முன்னால் தரையில் உட்கார். விரல் வீங்கட்டும். தப்பாக வாசித்துத் திட்டு வாங்கு. ஜாவாவின் காமெலானும் அப்படித்தான், மேற்கு ஆப்பிரிக்க மேளமும் அப்படித்தான், மிருதங்கமும் அப்படித்தான். ஆக அந்தச் சொல் முதலில் ஒரு மிருதங்க வகுப்பின் பக்கத்தில் பிறந்தது. பிறகு மறுபடியும் ஒரு கடைத் தட்டில் பிறந்தது. இரண்டுக்கும் எழுத்து ஒன்று. ஒன்று கையால் கற்பது, மற்றது கண்ணால் தேடி வாங்குவது. எங்கள் ஊருக்குக் கப்பலேறி வந்தது இரண்டாவது.

1990களில் ஆர்ச்சர்ட் சாலையில் அடுக்கு அடுக்காக இசைத்தட்டுக் கடைகள் வந்தன. தேசிய சேவை முடித்து முதல் சம்பளம் வாங்கிய காலம். சனிக்கிழமை அங்கே போய்விட்டால் இரண்டு மணி நேரம் போவதே தெரியாது. தலையில் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நின்றபடி கேட்டுப் பார்க்கலாம். மாண்டரின், கேண்டனிஸ் பாட்டுகளுக்குத் தனி இடம். மலாய்ப் பாட்டுக்கு ஓர் இடம். தமிழ்? அந்த அட்டைக்குப் பின்னால். நுஸ்ரத் ஃபதே அலி கானுக்கும் பல்கேரியப் பெண்கள் பாடல் குழுவுக்கும் நடுவே எல். சுப்பிரமணியத்தின் வயலின் இருந்தது. முதல்முறை பார்த்தபோது நெஞ்சு நிமிர்ந்தது, மறைக்க ஒன்றுமில்லை. பளபளக்கும் கண்ணாடிக் கடையில் நம் ஆள். அடுத்த வாரம் போனபோது வேறொன்று உறைத்தது. தமிழ் இந்த நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. இங்கிருந்து ஐந்து நிறுத்தம் பஸ்ஸில் போனால் அந்த மொழி பேசும் தெருவே இருக்கிறது. கடையிலோ அது தூரதேசம்.

ஆனாலும் அந்த அட்டை எனக்குச் செய்த நன்மையையும் சொல்ல வேண்டும். நம் ஆளைத் தேடிப் போய், பக்கத்தில் நின்ற மாலியின் அலி ஃபர்கா தூரேயை எடுத்தேன். அவர் கிதாரில் ஒரே சுரத்தைச் சுற்றிச் சுற்றி வருவது எங்கள் ஊர் நாதசுரக்காரர் ஆலாபனை தொடங்கும் விதம் போலவே இருந்தது. அந்த அட்டை இல்லையென்றால் அவரை நான் கேட்டிருக்கவே மாட்டேன்.

அதே தட்டில் வாங்கிய இன்னொன்று, பிரெஞ்சுக்காரர்கள் இருவர் 1992இல் வெளியிட்ட 'டீப் ஃபாரஸ்ட்'. அதில் ஒரு தாலாட்டு வரும். மெஷின் தாளத்தின் மேல் ஒரு பெண் குரல். நூறு தடவையாவது கேட்டிருப்பேன். பாடியவர் யார் என்று பல வருடம் கழித்துத்தான் படித்தேன். சாலமன் தீவுகளில், மலைட்டா என்ற தீவில், அஃபுனாக்வா என்ற பெண் பாடியதை ஹியூகோ செம்ப் என்ற இசையியலாளர் 1970இல் பதிவு செய்திருந்தார். பெற்றோரை இழந்த சிறுவனுக்கான தாலாட்டு அது. அந்தக் குரல் உலகமெங்கும் விற்றது. அஃபுனாக்வாவுக்கு ஒரு காசும் போய்ச் சேரவில்லை. 'உலகம்' என்று முகவரி எழுதினால் கடிதம் யாருக்கும் போய்ச் சேராதல்லவா? அன்றிலிருந்து அந்தப் பாட்டைப் போடும்போதெல்லாம் வீட்டில் யாராவது இருந்தால் அவர் பெயரையும் சொல்லிவிட்டுத்தான் போடுகிறேன்.

1998இல் 'வோமேட்' சிங்கப்பூருக்கு வந்தது. பீட்டர் கேப்ரியலும் நண்பர்களும் தொடங்கி, 1982இல் இங்கிலாந்தில் முதன்முறை நடந்த உலக இசை விழா. ஃபோர்ட் கேனிங் குன்றின் புல்வெளியில் மேடை. 2000களின் பிற்பாதி வரை அது நடந்தது. பாய் கொண்டுபோய் விரித்து உட்காருவோம். மழை வரும், யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். பகலில் பயிலரங்குகள் நடக்கும். ஒருமுறை மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு மேளக்காரர் இருபது பேரை வட்டமாக உட்காரவைத்து ஜெம்பே கற்றுக்கொடுத்தார். ஒரு கையால் ஓரத்தைத் தட்டவும் மறு கையால் நடுவில் அழுத்தவும் சொன்னார். அவர் வாசித்துக் காட்டிய ஒரு தாளக்கட்டு எனக்கு ஏற்கெனவே தெரிந்த மாதிரி இருந்தது. எங்கே கேட்டோம் என்று யோசித்தேன். சிறு வயதில் கோயிலில் கேட்ட உருமி.

உருமி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இரண்டு பக்கமும் தோல். ஒரு பக்கத்தைக் குச்சியால் அடிப்பார்கள். மறு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். தேய்க்கும்போது தோல் 'ஊம்ம்' என்று உறுமும்; அடிவயிற்றில் போய்த் தொடும். காவடி எடுப்பவரின் காலுக்கு அது பலம்.

நான் ஜெம்பே கற்றுக்கொண்டிருந்த அந்தக் குன்றின் அடிவாரத்துக்குப் பக்கத்தில்தான் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. சிராங்கூன் சாலை ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்படும் தைப்பூச ஊர்வலம் அங்கேதான் வந்து முடியும். நான்கு கிலோமீட்டர் நடை. 1973 முதல் அந்தப் பாதையில் இசைக்கருவிகள் வாசிக்கத் தடை. குழுக்களுக்கிடையே நடந்த சச்சரவுகளும் பொது ஒழுங்கும் காரணமாகச் சொல்லப்பட்டன. கோயிலுக்குள் வாசிக்கலாம், சாலையில் கூடாது. ஆகவே அந்த வருடங்களில் காவடிகள் கைத்தட்டலோடும் வேல்முழக்கத்தோடும் நடந்தன. என் மாமா ஒருவர் காவடி எடுத்தபோது நாங்கள் பத்துப் பேர் நடந்துகொண்டே வாயாலேயே உருமித் தாளம் போட்டோம். டேங்க் ரோடு வருவதற்குள் எல்லோருக்கும் தொண்டை கட்டிவிட்டது.

குன்றின் மேல் உலகத்து மேளங்கள் அத்தனைக்கும் மேடை, விளக்கு, நுழைவுச்சீட்டு. குன்றின் கீழே எங்கள் மேளம் மௌனம். இரண்டையும் ஒரே காலத்தில் அனுபவித்தவன் நான். இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. அது என் மனத்தில் வலியாக இருந்தது, அதைச் சொல்கிறேன். 'உலக இசை' என்று கேட்கும்போது நமக்குத் தாளம் மட்டும் வருகிறது. அந்தத் தாளத்துக்கு எந்தச் சாமி, எந்தச் சாலை, யாருடைய கால் என்பது கூடவே வருவதில்லை. 2016இல் ஊர்வலப் பாதையில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. பின்னர் மேலும் சில தளர்வுகள் வந்தன. அந்த வருடம் சாலையோரம் நாதசுரமும் மேளமும் கேட்டபோது, என் பக்கத்தில் நின்ற ஒரு முதியவர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாற்பத்து மூன்று வருடம்.

இதற்கிடையில் அட்டைக்கும் காலம் முடிந்துகொண்டிருந்தது. 1999இலேயே டேவிட் பர்ன் 'நான் உலக இசையை வெறுக்கிறேன்' என்ற தலைப்பில் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். இத்தனைக்கும் அவரே அந்த இசையை வெளியிடும் நிறுவனம் வைத்திருந்தவர். 2019இல் பிரிட்டனின் கார்டியன் நாளிதழ் அந்தச் சொல்லைக் கைவிட்டது. 2020இல் கிராமி விருதுக்காரர்கள் 'வேர்ல்ட்' என்பதை எடுத்துவிட்டு 'குளோபல்' என்று போட்டார்கள். பழைய பெயரில் காலனிய வாடையும், 'அமெரிக்கா அல்லாதது' என்ற பொருளும் இருக்கின்றன என்று காரணம் சொன்னார்கள்.

அந்த விருதின் கதையில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை இருக்கிறது. 1992இல் உலக இசைக்கென்று முதல் கிராமி கொடுத்தபோது, அதைப் பெற்றது மிக்கி ஹார்ட்டின் 'பிளானெட் டிரம்'. அதில் கடம் வாசித்தவர் விக்கு விநாயக்ராம். 1970களில் ஜான் மெக்லாஃப்லின், ஜாகிர் ஹுசேன், எல். சங்கருடன் 'சக்தி' குழுவில் உட்கார்ந்து, மண்பானையை உலக மேடைக்குக் கொண்டுபோனவர். 2024 பிப்ரவரியில், பெயர் மாறிய அதே விருதை 'சக்தி' குழுவின் 'திஸ் மொமென்ட்' பெற்றது. கஞ்சிரா வாசித்தவர் வி. செல்வகணேஷ், விக்குவின் மகன். அப்பா காலத்தில் 'வேர்ல்ட்', மகன் காலத்தில் 'குளோபல்'. கடத்துக்கும் கஞ்சிராவுக்கும் சொல்லிக் கொடுத்த ஜதி மாறவில்லை. அந்த வருடம் டிசம்பரிலேயே ஜாகிர் ஹுசேன் போய்விட்டார். அன்றிரவு எங்கள் வீட்டில் 'சக்தி'யின் பழைய தட்டைத்தான் போட்டோம்.

பெயர் மாறியதால் எல்லாம் சரியாகிவிட்டதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. லண்டன் தமிழச்சி மாயா, எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2007இல் 'காலா' தொகுப்பை வெளியிட்டார். சென்னையில் உருமிக் கலைஞர்களை வாசிக்கவைத்துப் பதிவு செய்த பாட்டுகள் அதில் உண்டு. இளையராஜாவின் 'தளபதி' இசைத் துணுக்கும் உண்டு. அதை யாரும் உலக இசை என்று சொல்லவில்லை. உருமி சென்னையில் வாசித்தால் உலக இசை, லண்டன்காரர் வாசிக்கவைத்தால் பாப். அதே மாதிரி 1960களில் எங்கள் சிங்கப்பூரின் மலாய் இளைஞர்கள் பிரிட்டிஷ் பாட்டுகளைக் கேட்டு எலெக்ட்ரிக் கிதார் பிடித்துப் பாடினார்கள். 'பாப் யே யே' என்று பெயர். அந்தக் காலத்தில் அது இங்கே வெறும் பாப். அரை நூற்றாண்டு கழித்து ஓர் அமெரிக்க நிறுவனம் அவற்றைத் தூசு தட்டி வெளியிட்டபோது அவை உலக இசைப் பக்கம் போய்ச் சேர்ந்தன. 2021இல் 'எஞ்சாயி எஞ்சாமி' உலகமெங்கும் ஒலித்தது. அதை ஒட்டி ஓர் இதழின் அட்டையில், அந்தப் பாட்டை எழுதிப் பாடிய அறிவின் முகம் இல்லாதபோது எழுந்த கேள்வி, அஃபுனாக்வாவின் கதையில் இருந்த அதே கேள்விதான்: யார் பாட்டு இது, யார் பெயர் முன்னால்?

செங்காங்குக்கு நாங்கள் 1999இல் குடிவந்தோம். ஒரு காலத்தில் மீனவர்களும் ரப்பர், மிளகு, அன்னாசித் தோட்டங்களும் இருந்த இடம். 1990களின் நடுவில்தான் புதுநகரமாகத் திட்டமிட்டார்கள். 1997 வாக்கில் முதல் குடும்பங்கள் வந்தன. நாங்கள் வந்தபோது ரயில் இல்லை. தேக்காவுக்குப் போக பஸ்ஸில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். 2003 ஜனவரியில் எல்ஆர்டி இலகு ரயில் வந்தது, ஜூனில் வடகிழக்கு ரயில். இப்போது ஒன்பதாவது நிறுத்தம் லிட்டில் இந்தியா. எல்ஆர்டி நிலையங்களின் பெயர்களில் மட்டும் பழைய கடல் மிச்சமிருக்கிறது: லாயார் என்றால் கப்பலின் பாய், தொங்காங் என்றால் தோணி. பழைய தமிழ்க் கடலோடிகள் இதே தோணியைத் 'தொங்கான்' என்றார்கள். சொற்கள் அட்டை இல்லாமலே கடல் தாண்டியிருக்கின்றன.

இப்போது எங்கள் புளோக்கில் மாலை ஆறு மணிக்குக் கதவுகள் சாத்தியிருக்கும். குளிரூட்டி ஓடும். மின்தூக்கியில் ஆறு பேர் ஏறினால் ஆறு பேர் காதிலும் ஏதோ இருக்கும். 2013இல் ஸ்பாட்டிஃபை இங்கே வந்தபோது நான் குழந்தை மாதிரி குதித்தேன். ஆர்ச்சர்ட் சாலைக் கடையே சட்டைப் பைக்குள் வந்துவிட்டதே என்று. என் மகள் அதில் நைஜீரியப் பாட்டும் கொரியப் பாட்டும் சுவிட்சர்லாந்துத் தமிழ்ப் பெண் பிரியா ராகுவும் நம்மூர் யங் ராஜாவின் தமிழ் ராப்பும் வரிசையாகக் கேட்கிறாள். அவளுக்கு அவற்றைப் பிரிக்கும் அட்டை தேவையில்லை. எனக்குக் கிடைக்காத விடுதலை அது. மனதார மகிழ்கிறேன்.

ஆனால் ஒன்று எனக்கு உறுத்துகிறது. அந்தச் செயலி அவளுக்குப் பிடித்ததைப் போன்றதையே மறுபடி மறுபடி கொண்டுவந்து கொடுக்கிறது. அவளுக்கு லாகோஸ் நகரத்துப் பாடகரைத் தெரியும். எங்கள் பக்கத்து வீட்டு மாக்சிக் என்ன பாட்டுக் கேட்கிறார் என்று தெரியாது. எனக்குமே தெரியாது. சுவர் ஒன்றுதான், ஒரு சத்தமும் வருவதில்லை. பி. ராம்லியை அம்மா விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. அது காதில் விழுந்தது. காதில் விழுவது என்ற ஒன்று இந்தப் புது ஊரில் குறைந்துவிட்டது.

முழுக்கப் போய்விடவில்லை. சனி, ஞாயிறுகளில் புளோக்கின் கீழ்த்தளத்தில் மலாய்க் கல்யாணம் நடந்தால் கொம்பாங் முழங்கும். மாப்பிள்ளையை அழைத்து வரும் இளைஞர்கள் இடது கையில் கொம்பாங்கைப் பிடித்து வலது கையால் அறைவார்கள். ஒருவர் விடும் இடைவெளியை மற்றவர் நிரப்ப, கீழ்த்தளத்தின் சிமெண்ட் கூரை அதிரும். நாங்கள் பத்தாவது மாடி. அந்த நேரம் மட்டும் எல்லாச் சன்னலும் திறக்கும். சீனர்களின் ஏழாம் மாதத்தில் திறந்தவெளியில் கூடாரம் போட்டு கெத்தாய் என்ற மேடைக் கச்சேரி நடக்கும். முன்வரிசை நாற்காலிகளை ஆவிகளுக்காகக் காலியாக விட்டு, ஹொக்கியென் பாட்டு இரவு பத்து வரை கேட்கும். ரிவர்வேல் கிரசென்ட்டில் வேல்முருகன் ஞானமுனீஸ்வரர் கோயிலில் விழா என்றால் நாதசுரம். உலக இசை விழா ஒன்று எங்கள் ஊரில் வருடம் முழுக்க நடந்துகொண்டுதான் இருக்கிறது, நுழைவுச்சீட்டு இல்லாமல்.

போன வருடம் ஒரு ஞாயிறு மதியம் கொம்பாங் கேட்டதும் என் மகள் செருப்பைப் போட்டுக்கொண்டு கீழே ஓடினாள். நான் பால்கனியிலிருந்து பார்த்தேன். ஓரமாக நின்று ஒருவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோறு பரிமாறும் இடைவேளையில் அந்தப் பையனிடம் ஏதோ கேட்டாள். அவன் கொம்பாங்கை அவள் கையில் கொடுத்துவிட்டான். அவள் தட்டியது சரியாக வரவில்லை போலும். அவன் சிரித்து, அவள் மணிக்கட்டைத் தளர்த்தச் சொல்லிக் கையை அசைத்துக் காட்டினான். மேலே வந்து மூச்சு வாங்கச் சொன்னாள்: "அப்பா, அவங்களுக்கு விரல் எல்லாம் சேர்ந்திருக்கணும். நமக்குப் பிரிஞ்சு இருக்கணும். அதான் எனக்கு வரலை."

நமக்கு என்று அவள் சொன்னது மிருதங்கத்தை. நான்கு வருடமாகக் கற்றுக்கொள்கிறாள். வாரம் ஒருமுறை வகுப்பு, மற்ற நாள் வீட்டில் சாதகம். இடது பக்கத் தொப்பியில் வாசிக்கும் முன் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, தோசை வார்ப்பது போல் வட்டமாக அப்ப வேண்டும். அப்போதுதான் 'தொம்' ஆழமாக விழும். ரவை கூடினால் சத்தம் மந்தமாகும், குறைந்தால் உளறும். வாசித்து முடித்ததும் உடனே வழித்தெடுக்க வேண்டும். காயவிட்டால் தோல் கெட்டுவிடும் என்று அவள் ஆசிரியர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

கரண்டியால் வழித்தால் தோலில் கீறல் விழுகிறது என்று அவள் வேறு ஏதாவது தேடிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தபோது, ஒலிநாடாக்களுக்கு நடுவே இருந்த என் அட்டை அவள் கையில் இருந்தது. உடையாத மூலையைத் தோலில் சாய்த்துப் பிடித்து, ஈர ரவையை ஓரத்திலிருந்து நடுவுக்கு மெதுவாக வழித்துக்கொண்டிருந்தாள். கறுப்பு எழுத்துகளின் மேல் வெள்ளையாக ரவை ஒட்டியிருந்தது.

"இது நல்லா வளையுதுப்பா, கீறவே இல்லை. எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கோம்மா. வேலை முடிஞ்சதும் கழுவி வெச்சிடு," என்றேன்.